காருக்கு இடது பக்கமும் உண்டு!

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரிக்குப் போகும் பெரிய சாலை வானூர் வட்டத்தின் வழியாகச் செல்கிறது. சனி, ஞாயிறு வந்துவிட்டால் அதில் கார்கள் சாரை சாரையாகப் போகும். அகலமான சாலை. நடுவில் தடுப்பு. போகிறவர் ஒரு பக்கம், வருகிறவர் மறு பக்கம். அங்கே கார் ஓட்டப் பெரிய சாமர்த்தியம் தேவை இல்லை.

அதே கார், பெரிய சாலையை விட்டு ஊருக்குள் திரும்பட்டும். அப்போது தெரியும் சங்கதி!

எதிரே ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி வருகிறது. திருவக்கரைப் பக்கம் கல் குவாரிகள் இருப்பதால் இந்த வட்டாரத்தில் அந்த லாரிகளுக்குக் குறைவில்லை. இடது ஓரத்தில் ஒரு பாட்டி, தலையில் புல்லுக்கட்டுடன் நடந்து போகிறார். காருக்கும் லாரிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? ஓட்டுகிறவருக்கு நன்றாகத் தெரிகிறது. காருக்கும் பாட்டிக்கும் நடுவே எவ்வளவு இடம்? அதுதான் தெரியவில்லை. லாரிக்குப் பயந்து ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடிக்கிறார்.

லாரி இடித்தால் அடி அவருக்கு. கார் இடித்தால் அடி பாட்டிக்கு. யாரும் இதை நினைத்துச் செய்வது இல்லை. ஆனாலும் கை தானாக அந்தப் பக்கம்தான் போகிறது. பலசாலிக்குப் பயந்து, இளைத்தவர் மேல் சாய்கிற கதை இது!

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். அத்தனை பேரும் பக்க அளவு தெரியாத ஓட்டுநர்களால் இறந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சாலை ஓரம் யாருடையது என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது.

கார் பெருத்தது, சாலை பெருக்கவில்லை

கிராமத்து ஒற்றைத் தடச் சாலைக்குத் தார் போடும் அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர்தான். அதாவது சுமார் 12¼ அடி. பழைய அம்பாசிடர் காரின் அகலம் ஐந்தரை அடி. மாருதி 800 வந்தபோது அது ஐந்து அடிகூட இல்லை. இன்று குடும்பத்தோடு போவதற்கு வாங்கும் இன்னோவா கிரிஸ்டாவின் அகலம் 6 அடி. பக்கத்துக் கண்ணாடிகள் இந்தக் கணக்கில் சேராது.

இப்படி இரண்டு கார்கள் எதிர் எதிரே வந்தால் என்ன ஆகும்? ஆறும் ஆறும் பன்னிரண்டு. மிச்சம் மூன்று நான்கு அங்குலம். யாராவது ஒருவர் மண்ணில் இறங்கித்தான் ஆகவேண்டும். மழையில் மண் அரித்து, தார் விளிம்பு படிக்கட்டு போல நிற்கும். இடது சக்கரம் அதில் இறங்கியதும் பதறிப்போய் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது. கார் துள்ளி எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடும். வேகத்தைக் குறைத்து, நேராகவே பிடித்து, மெதுவாக ஏற வேண்டும்.

கிளீனர் எங்கே?

மாட்டு வண்டிக்காரர் வண்டியின் நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பக்கச் சக்கரமும் அவருக்குச் சம தூரம். கார்க்காரரோ வலது ஓரத்தில் உட்காருகிறார். இடது சக்கரம் அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

லாரிக்காரர்கள் இதை அறிந்தவர்கள். அவர்களைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். இந்த ஒரு விஷயத்தில் அவர்களிடம் பாடம் கேட்கலாம். இடது பக்கம் பார்க்கவென்றே கிளீனரை உட்கார வைத்தார்கள். அவர் வெளியே தலையை நீட்டிக் கதவைத் தட்டி, “வரலாம், வரலாம்!” என்பார். (கிளீனர் இல்லாமல் போகிற லாரிகள் இப்போது பெருகிவிட்டன. அது வேறு கதை.)

காருக்குக் கிளீனர் கிடையாது. டிரைவிங் பள்ளியில் ஒருவர் இருந்தார்! சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் இடது பக்கம்தான் உட்காருகிறார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. இடது பக்கத்தை அவரே பார்த்துக் கொள்கிறார். படிக்கிறவர் ஸ்டீயரிங், கிளச், கியர் எல்லாம் படிக்கிறார். இடது பக்கத்தை மட்டும் படிக்காமலே லைசென்சு வாங்கி வந்துவிடுகிறார்.

அம்பாசிடர் காலத்தில் பல கார்களுக்கு இடது பக்கக் கண்ணாடியே கிடையாது. இப்போது இருக்கிறது. ஆனால் மோட்டார் சைக்கிள் தட்டிவிடுமே என்று அதை மடக்கி வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. கண்ணாடிக்குக் கீறல் விழக்கூடாதாம். மனிதர் மேல் விழலாமா? அந்தக் கண்ணாடியும் வளைந்த கண்ணாடி. அதில் தெரியும் சைக்கிள் உண்மையில் இன்னும் கிட்டத்தில் இருக்கும்.

களத்து மேட்டில் ஒரு மணி நேரம்

இடது பக்கத்தைப் பழகுவது கஷ்டம் அல்ல. காலியான களத்திலோ மைதானத்திலோ காரை நிறுத்துங்கள். இடது சக்கரங்களில் இருந்து ஓர் அடி தள்ளி, காருக்கு முன்னே நெடுந்தூரம் போகும்படி ஒரு நீளக் கயிறு போடுங்கள். பிறகு சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். அந்தக் கயிறு பானெட்டின் எந்த இடத்தில் வந்து முட்டுவது போலத் தெரிகிறது? பல கார்களில் அது பானெட்டின் நடுப்பக்கமாக இருக்கும். ஆளின் உயரம், சீட்டின் உயரத்தைப் பொறுத்து மாறும். ஆகவே அடுத்தவர் சொன்ன அடையாளம் உதவாது. அவரவர் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டி வரும். சந்து முனையில் கல்லிலும் திண்ணையிலும் காரின் பின் கதவு உராய்வது இதனால்தான். ஒரு செங்கல்லை நட்டு வைத்து இரண்டு தடவை வளைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

நிறுத்துவதிலும் இதே கோளாறு. தான் இறங்க வலது பக்கம் தாராளமாக இடம் விட்டு, இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துகிறார்கள். இடது பக்கம் உட்கார்ந்த வயதான தாயார் எப்படி இறங்குவார்? கதவைத் திறந்தால் சாக்கடை! முதலில் எல்லோரையும் இறக்கிவிட்டு, பிறகு காரை ஒதுக்கலாமே. வீட்டு அம்மாள் தள்ளி நின்று அளவு சொல்லட்டும். ஓட்டுவது அம்மாள் என்றால் ஐயா இறங்கட்டும். சிறு பிள்ளைகளை மட்டும் இந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

கதவைத் திறக்க ஹாலந்து நாட்டில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கதவை ஒட்டிய கையால் திறக்காமல் எட்டக் கையால் திறப்பது. வலது பக்கம் இருப்பவர் இடது கையால் திறக்க வேண்டும். அப்போது உடம்பு திரும்பும், கண்ணும் பின்னால் போகும். வருகிற சைக்கிள் தெரியும். பிரிட்டனிலும் 2022-இல் இதைச் சாலை விதிப் புத்தகத்தில் சேர்த்தார்கள். சைக்கிளை முந்தும்போது 1.5 மீட்டர், அதாவது ஐந்தடி இடம் விட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

பன்னிரண்டு அடிச் சாலையில் ஐந்தடிக்கு எங்கே போவது? இடம் இல்லைதான். அப்படியானால் முந்தக் கூடாது. சைக்கிள்காரர் ஒதுங்க இடம் வரும்வரை பின்னாலேயே போக வேண்டும்.

1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின்படி நடக்கும் தேர்வில் கண்ணாடியைச் சரி செய்வதும், பின்னால் ஓட்டிக் காட்டுவதும் உண்டு. அதோடு இதையும் வைக்கலாம். தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. “இடது சக்கரம் கோட்டில் இருந்து ஓர் அடியில் நிற்கட்டும்” என்று ஒரே ஒரு கட்டளை. பார்த்துச் சொல்ல இயந்திரம் வேண்டாம். தையற்காரரின் நாடா ஒன்று போதும்.