கட்சியா? கொள்கையா?

கொள்கைக்காகக் கட்சியா, கட்சிக்காகக் கொள்கையா? இக்கேள்வி அமெரிக்காவில் அலபாமா மாகாணத்துப் பழமைப் பற்றாளர்களுக்கு 2017 டிசம்பர் 12-ந் தேதி நேரிட்டது.

அலபாமா குடியரசுக் கட்சியின் கோட்டை. 1992-க்குப் பின் அதுவரை ஜனநாயகக் கட்சி அங்கு செனட் தேர்தலில் ஜெயித்ததேயில்லை. அவ்வருஷத்து இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சி அபேட்சகர் ராய் மூர், பத்துக் கட்டளைக் கல்லை நீதிஸ்தலத்தினின்று அகற்ற மறுத்து, 2003-ல் தலைமை நீதிபதிப் பதவி இழந்தவர். அதனாலேயே பக்தர்களுக்கு அவர் வீரர்! தேர்தலுக்கு முந்திய மாதம், முப்பது வயதுக்கு மேல் அவர் சிறு பெண்களிடம் தகாதபடி நடந்ததாகப் பல பெண்கள் குற்றஞ்சாட்டினர், அவர் மறுத்தார்.

ஒழுக்கம், ஒழுக்கமென்று ஓயாமல் பேசியவர்களில் மிகப் பெரும்பாலோர் கட்சிக்கே ஓட்டளித்தனர். ஆனால் அதே கட்சியின் மூத்த செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி, மூருக்கு ஓட்டளிக்காமல் வேறொரு குடியரசுக் கட்சிக்காரர் பெயரை எழுதிப்போட்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார். கறுப்பின மக்களும் திரண்டு ஓட்டளித்தனர். ஜனநாயகக் கட்சி டக் ஜோன்ஸ் சுமார் 22,000 ஓட்டில் ஜெயித்தார். வேறு பெயர் எழுதிய சீட்டுகளோ அதைவிட அதிகம்! அத்தனையும் மூருக்குப் போயிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

இது கட்சித் துரோகமென்பார் சிலர். கட்சிக்கு வந்த நஷ்டமென்ன? 2020-ல் வேறு அபேட்சகரை நிறுத்தி அதே ஸ்தானத்தை மீட்டுக்கொண்டது. போன ஸ்தானம் மறு தேர்தலில் வரும். போன மானம் வருமா?

ஆகவே தோழர்களே! எக்கட்சியாயினும் சரி, "நம் ஆள்" என்பதற்காக மட்டும் ஓட்டுப் போடுகிறவன் ஓட்டரல்ல, கட்சிக்கு அடிமையே யாவான் என்பது நமது அபிப்பிராயம்.