வருவாய்ப் பற்றாக்குறைக்கும் வரம்பு வேண்டும்: நிலைப்பாட்டு அறிக்கை

ஒன்றிய அரசின் நிதிப் பொறுப்புச் சட்டத்திலிருந்து 2018-இல் நீக்கப்பட்ட வருவாய்ப் பற்றாக்குறை இலக்கு மீண்டும் சேர்க்கப்பட வேண்டும் என்பதும், அரசு நிறுவனங்களின் பெயரில் வாங்கப்பட்டு அரசுக் கருவூலத்திலிருந்தே அடைக்கப்படும் கடன்கள் அந்தந்த ஆண்டின் பற்றாக்குறைக் கணக்கிலேயே ஏற வேண்டும் என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு.

கடன் நீங்கலான வரவுகளை மிஞ்சி அரசு செலவிடும் தொகை நிதிப் பற்றாக்குறை எனப்படும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற நடப்புச் செலவுகளுக்கு வரி முதலிய வருவாய் போதாமல் விழும் துண்டு வருவாய்ப் பற்றாக்குறை. முன்னது ரயில் பாதை அமைக்க வாங்கிய கடனாகவும் இருக்கலாம். பின்னதோ எந்தச் சொத்தையும் விட்டுச்செல்லாத கடன். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வேறுபாட்டை உணர்ந்தே வருவாய்ப் பற்றாக்குறையை அறவே ஒழிக்கக் கெடு விதித்தது. கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, கடைசியில் இலக்கே கைவிடப்பட்டது. அண்மை ஆண்டுகளில் மூலதனச் செலவு கணிசமாக உயர்ந்துள்ளது உண்மையே எனினும், அது ஆட்சியாளரின் விருப்பமே தவிரச் சட்டத்தின் கட்டாயமன்று.

ஒற்றை எண்ணை மட்டும் காவல் காக்கும் சட்டம் செலவைக் குறைப்பதைவிட மறைக்கவே தூண்டும் என்பதற்கு இந்திய உணவுக் கழகத்தின் கணக்கே போதிய சான்று. நெல்லையும் கோதுமையையும் கொள்முதல் செய்து நியாயவிலைக் கடைகளுக்கு மலிவாக அளிப்பதால் கழகத்துக்கு நேரும் இழப்பை ஈடுகட்ட வேண்டிய ஒன்றிய அரசு, சில ஆண்டுகள் அதில் ஒரு பகுதியை மட்டும் தந்துவிட்டு, மீதிக்குத் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்தையே கடன் வாங்கவைத்தது. அஞ்சலகத்தில் மக்கள் போட்ட பணம் மானியமாகச் செலவாகியும் அத்தொகை பற்றாக்குறையில் ஏறவில்லை. 2021 பிப்ரவரியில் இவ்வழக்கம் கைவிடப்பட்டபோது, 2020-21-க்கு ரூ.1,15,570 கோடி என மதிப்பிடப்பட்டிருந்த உணவு மானியம் திருத்திய மதிப்பீட்டில் ரூ.4,22,618 கோடியாயிற்று. பெருந்தொற்றுக் கால இலவச தானியமும் இதில் அடக்கம். ஆயினும் பழைய பாக்கியின் பங்கு சிறிதன்று.

இத்தகைய கடன்களை 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்றிய அரசுக் கடனின் வரையறையில் சேர்த்ததே தவிர, ஆண்டுதோறும் நாடாளுமன்றம் விவாதிக்கும் நிதிப் பற்றாக்குறையின் வரையறையில் சேர்க்கவில்லை. மாறாக, மாநில நிறுவனங்கள் வாங்கி மாநில அரசு அடைக்கும் கடன்கள் 2022 முதல் மாநிலங்களின் ஆண்டுக் கடன் வரம்பிலேயே கழிக்கப்படுகின்றன. கேரளம் தன் கடன் வரம்பு குறித்துத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அரசியல்சாசன அமர்வுக்கு அனுப்பியது. தீர்ப்பு எவ்வாறாயினும், மாநிலத்துக்கு ஒரு படியும் ஒன்றியத்துக்கு வேறு படியும் வைத்து அளப்பதை இவ்வமைப்பு ஏற்கவில்லை.

வறட்சியிலோ பெருந்தொற்றிலோ பற்றாக்குறை பெருகுவதை இவ்வமைப்பு குறைகூறவில்லை. அவ்வாறு பெருகும் தொகையில் எவ்வளவு நடப்புச் செலவுக்குப் போயிற்று, எந்நிறுவனத்தின் பெயரில் எவ்வளவு வாங்கப்பட்டது என்பதை இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் சான்றளித்து ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கச் சட்டம் வகைசெய்ய வேண்டும் என்றே கோருகிறது.