“புத்தகம் ஏறாது” என்பது பொய்த் தீர்ப்பு

மலேசியாவின் கெமாஸ் பக்கத்துத் தோட்டங்களில் ஏழு வயதுப் பிள்ளைக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: “இவனுக்குப் புத்தகம் ஏறாதுங்க சார்.” பெற்றோர் சொல்ல, ஆசிரியரும் தலையாட்டிவிடுகிறார். இந்தத் தீர்ப்பு பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

இது நம் பாட்டன்மார் கண்டுபிடித்ததும் அல்ல. பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னபோது, தோட்டத் துரைமார்கள் பல இடங்களில் கொடுத்தது ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும்தான். பால் வெட்டப் போகிறவனுக்கு இவ்வளவு போதும் என்பது அவர்கள் கணக்கு. லயங்கள் போய்விட்டன, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அந்தக் கணக்கை மட்டும் நாம் விடாமல் சுமக்கிறோம். ஆனால் அதே பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் 1950-களில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றப் பகுதிக்கு எழுதிக் குவித்தார்கள். நம் எழுத்தாளர்கள் பலர் அங்கே எழுதிப் பழகியவர்கள்.

2000-ஆம் ஆண்டின் பீசா ஆய்வு பல நாட்டுப் பதினைந்து வயது மாணவர்களின் வாசிப்புத் திறனைச் சோதித்தது. எளிய வேலை பார்ப்போரின் பிள்ளைகளில் வாசிப்பை விரும்பியவர்கள் சராசரியாக 540 புள்ளி எடுத்தார்கள். உயர்ந்த வேலையில் இருப்போரின் பிள்ளைகளில் வாசிப்பை ஒதுக்கியவர்கள் எடுத்தது 491. கதைப் புத்தகம் படிப்பைக் கெடுக்கும் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

விருப்பத்தை எப்படி ஊட்டுவது? பரிசு காட்டி அல்ல. 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் சகாக்களும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலைகளைச் சோதித்தார்கள். சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரைய வைக்கப்பட்ட பிள்ளைகள், சில நாள் கழித்துத் தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. பிள்ளைகள் படித்த புத்தகங்களைப் பதிந்து பாராட்டும் நம் பள்ளிகளின் நீலாம் திட்டமும் நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். ஆனால் எத்தனை புத்தகம் என்று எண்ணத் தொடங்கிய இடத்தில், பிள்ளை அட்டையைப் பார்த்துச் சுருக்கம் எழுதக் கற்றுக்கொள்கிறது.

கெமாஸ் பையனுக்கு ரயில் தெரியும். தும்பாட் போகும் பாதையும் ஜொகூர் போகும் பாதையும் பிரிவது அவன் ஊரில்தான். ரயில் படம் போட்ட புத்தகத்தை அவன் மடியில் வையுங்கள். 1942 ஜனவரி 14-இல் பக்கத்தில் உள்ள கெமென்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படை ஜப்பானியரை மடக்கிய கதையை வாசித்துக் காட்டுங்கள், முக்கியமான இடத்தில் நிறுத்துங்கள். பந்து விளையாட்டுச் செய்தியோ சித்திரக் கதையோ கேட்டால் அதையே கொடுங்கள். தடுக்கித் தடுக்கி வாசித்தால் குறுக்கே பாயாதீர்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்புறம் என்ன ஆச்சுடா?” என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டுவான்.

வாசிக்க உதவுகிறவருக்கும் இதில் பலன் உண்டு. கேட்டதற்கு “ம்” என்று மட்டும் சொன்ன பிள்ளை, தானாக வந்து கதை சொல்லும், சண்டை பிடிக்கும், ஏன் என்று கேட்கும். வளர்ந்த பிள்ளையோடு பேச வழி தெரியாமல் தவிக்கும் வீடுகள் இங்கே எத்தனையோ உண்டு.

தலைமையாசிரியர்களே, நீலாம் பதிவேட்டை நிரப்பும் நேரத்தில் பாதியை வகுப்பில் சத்தமாகக் கதை வாசிக்கக் கொடுங்கள். நூலக அலமாரியைப் பூட்டாதீர்கள். புத்தகம் கிழிந்தால் கிழியட்டும்.