சிறையில் கம்பி எண்ணியவர் தந்த கம்பிப் பெட்டி

பஞ்சுத் தூசியைச் சுவாசித்து இருமும் தோழரை டாக்டர் எங்கே அனுப்புகிறார்? எக்ஸ்ரே அறைக்கு. அந்தக் கதிர்தான் நோயைக் காட்டுகிறது. அளவு மீறினால் அதே கதிர் உடலுக்குக் கேடும் செய்கிறது. ஒரு முறை எடுக்கும் மார்புப் படத்தில் கதிர் மிகக் குறைவு. டாக்டர் சொன்னால் தயங்கக் கூடாது. ஆனால், கூன் விழுந்த முதுகோடு வளரும் குழந்தைக்கு வருஷா வருஷம் படம் எடுக்க வேண்டியிருக்கிறதே! அதன் உடலில் ஏறும் கதிரைக் குறைக்க வேண்டாமா?

வேண்டும் என்று பாடுபட்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் சார்பாக். 1924-ல் போலந்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, பிரான்சில் வளர்ந்தவர். நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்ததற்காக 1943-ல் சிறைப்பட்டார். 1944-ல் டாக்காவ் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டு, 1945-ல் உயிரோடு மீண்டார். பின்னர் ஜெனீவாவில் பல ஐரோப்பிய அரசுகள் சேர்ந்து நடத்தும் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார்.

அங்கே அணுத் துகள்களின் தடத்தைப் போட்டோ எடுப்பார்கள். லட்சக்கணக்கான படங்களைக் கண் வலிக்கப் பார்த்துக் குறித்தவர்கள் பெரும்பாலும் பெண் ஊழியர்கள். 1968-ல் சார்பாக் வேறு வழி கண்டார். தறியில் பாவு நூல் கட்டுவதுபோல், தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒரு பெட்டிக்குள் வரிசையாக இழுத்துக் கட்டி, வாயுவை நிரப்பி, மின்சாரம் ஏற்றினார். அவரோடு நின்று பெட்டியை உருவாக்கிய டெக்னீஷியன் ரோஜர் பூக்ளியே. அவருடைய பெயரையும் நாம் மறக்கக் கூடாது.

கதிர் வாயு அணுவில் மோதினால் ஓர் எலெக்ட்ரான் பிய்ந்து கம்பியை நோக்கி ஓடும். கம்பி அருகே அது மற்ற அணுக்களை முட்டிப் பல எலெக்ட்ரான்களைக் கிளப்பும். எந்தக் கம்பியில் மின்துடிப்பு வந்ததோ, அங்கேதான் கதிர் விழுந்தது. பழைய முறையைவிட ஆயிரம் மடங்கு வேகம்! 1992-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வொரு கதிரையும் எண்ண முடிந்தால், கொஞ்சம் கதிரே படத்துக்குப் போதும். 1980-களில் சோவியத் நாட்டின் நோவோசிபிர்ஸ்க் விஞ்ஞானிகள் இதே கம்பிப் பெட்டியைக் கொண்டு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கருவி செய்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எலெக்ட்ரான் விரைந்து ஓடிவிடும். கனத்த அயனிகள் மெதுவாக நகரும். கதிர்கள் நெருக்கியடித்து வந்தால் கம்பியைச் சுற்றி அயனிக் கூட்டம் தேங்கி, எண்ணிக்கை தவறும். மெதுவாக எண்ணலாம் என்றால் நோயாளி அசைந்து படம் கலங்கும். ஷிப்ட் விடும் நேரத்தில் ஆலை வாசலில் ஒரே ஒரு சிறு கதவு திறந்திருந்தால் என்ன ஆகும்? அதே கதைதான். ஆகவே, 1997-ல் ஃபாபியோ சவுலி செர்னில் பல வாசல்களைத் திறந்தார். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின் இருபுறமும் செம்பு பூசி, ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரக்கணக்கான துளைகள் இட்டார். ஒவ்வொரு துளையும் தனித்தனியே வேலை செய்தது, நெரிசல் குறைந்தது.

"இன்று பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் வாயு இல்லாத தட்டைக் கருவிகள் வந்துவிட்டனவே, இந்தப் பழங்கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். வாயுவா, தட்டா என்பது நமக்கு வழக்கல்ல. ஒரு கதிரையும் வீணாக்காதே என்பதே இதில் நாம் கற்ற பாடம். சார்பாக்கின் வழியில் பிறந்த வாயுக் கருவி முதுகெலும்பு கோணிய குழந்தைகளைக் குறைந்த கதிரில் படம் எடுக்கிறது. ஆனால் அதன் விலை, ஏழை போகும் ஆஸ்பத்திரிக்கு எட்டாத விலை!

பொதுப் பணத்தில் நடந்த நிலையத்தில், விஞ்ஞானியும் தொழிலாளியும் சேர்ந்து கண்ட அறிவு இது. பணம் உள்ளவன் குழந்தைக்குக் குறைந்த கதிர், கூலிக்காரன் குழந்தைக்குக் கூடுதல் கதிர் என்பது என்ன நியாயம்? அரசு ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே கருவி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள், எவ்வளவு கதிர் பாய்கிறது என்பதையும் பாருங்கள் என்று நாம் கேட்கிறோம். நம் சங்கங்களும் கேட்க வேண்டும்.