மாரியில் பார்க்காத வீடு



வீடு வாங்குவது பற்றி எழுதுங்கள் என்று கேட்டுச் சில கடிதங்கள் வந்திருக்கின்றன. முன்பெல்லாம் வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் வருமா, கூரைத்தகட்டுக்கு உதவி கிடைக்குமா என்றுதான் கேட்பீர்கள். இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வெளிநாட்டிலுள்ள சகோதரன் அனுப்பியது, சேமலாப நிதி, விற்ற நகை என்று சேர்ந்த காசுடன் நகரத்துக்குக் கிட்ட ஒரு புது வீடு வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி மாறியது எனக்குச் சந்தோசம். பயமும் உண்டு. இந்தக் காசு ஒரு தடவைதான் வரும்.

2024ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு சகோதரி என்னைத் தன்னோடு வீடு பார்க்க வரச் சொன்னார். கணவர் 2009இல் காணாமற்போனவர். மகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். யாழ் நகரிலிருந்து ஓட்டோவில் கால் மணித்தியாலம். இரண்டு பரப்புக் காணி, கட்டி ஒரு வருடமும் ஆகாத வீடு. நிலமெல்லாம் மாபிள், சுவரெல்லாம் மஞ்சள் பூச்சு, பெரிய கேற். தரகர் எங்களை உள்ளே விட்டதும், “அக்கா, கனடாவில இருந்து ஒருத்தர் கேட்டுக்கொண்டு நிக்கிறார். இண்டைக்கு முற்பணம் தந்தால் உங்களுக்குத்தான்” என்றார். கனடாக்காரரை இப்படிப் பல வீடுகளில் சந்தித்திருக்கிறேன். அவரை நான் இன்னும் நேரில் கண்டதில்லை.

வீட்டைப் பார்த்துவிட்டு ஒழுங்கையால் வெளியே நடந்து வந்தோம். பக்கத்து வளவில் ஒரு பழைய ஓட்டு வீடு. அதன் திண்ணை நிலத்திலிருந்து மூன்று அடி உயரம். எங்கள் புது வீட்டின் வாசற்படி ஒரே ஒரு படி. திண்ணையிலிருந்த அம்மாவிடம் ஏன் இவ்வளவு உயரமாகக் கட்டினீர்கள் என்று கேட்டேன். “மாரியில வந்து பாருங்கோ பிள்ளை” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சகோதரிக்கு என்மேல் கோபம். வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற கவலை. ஆனாலும் பொறுத்தார். கார்த்திகை இறுதியில் பெங்கால் புயலின் மழை யாழ்ப்பாணத்தை மூடியபோது இருவரும் அந்த ஒழுங்கைக்குப் போனோம். முழங்காலளவு தண்ணீர். புது வீட்டின் மாபிளுக்கு மேல் தண்ணீர் நின்றது. பழைய வீட்டு அம்மா திண்ணையில் காய்ந்த இடத்தில் இருந்தார்.

2009க்குப் பின் கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி போன்ற இடங்களில் தோட்டக் காணிகள் துண்டு துண்டாகப் பிரிந்து வீடுகளாகிவிட்டன. மேட்டுக் காணி முடிந்தபின் ஆட்கள் பள்ளத்துக்கும் வயலுக்கும் இறங்குகிறார்கள். வயற்காணியை அனுமதியின்றி நிரப்பக்கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொன்னாலும் இரவில் கிரவல் லொறி வருகிறது. நிரப்பிய மண் இறுக வேண்டும். இறுகுவதற்கு முன் கட்டிய வீடு இரண்டு மாரிக்குள் ஒரு பக்கம் இறங்கும். அதனால்தான் ஒரு மாரியும் காணாத புது வீட்டை நான் நம்புவதில்லை. காத்திருக்க முடியாவிட்டால், அயலிலுள்ள பழைய வீடுகளின் அத்திவார உயரத்தைப் பாருங்கள். மதில்களில் பழைய தண்ணீர்க் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். 2008 நிஷா புயலின்போது இங்கே எவ்வளவு நின்றது என்று முதியவர் ஒருவரிடம் கேளுங்கள்.

தண்ணீருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும். தை மாதத்தில் இனிக்கும் கிணறு ஆவணியில் கரிக்கலாம். ஆகவே வெள்ளத்தைப் பார்க்க மாரியிலும், கிணற்றைப் பார்க்கக் கோடை முடிவிலும் போகவேண்டும். நாக்கில் பட்டால் உப்புத் தெரியும். நைத்திரேற்று தெரியாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. தோட்டத்து உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் அது எங்கள் கிணறுகளில் சேர்கிறது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க உகந்ததல்ல. போத்தற் பாலுக்கு அந்தத் தண்ணீரைக் கலந்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமல் உடல் நீலம் பாயலாம். நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். இரண்டு பரப்புத் துண்டுகளில் நெருங்கி எழுந்த வீடுகளில் உங்கள் குழி எங்கே என்று பார்த்தால் மட்டும் போதாது. மதிலுக்கு அப்பால் அயலவரின் குழி எங்கே என்றும் கேட்கவேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பது அடி வேண்டும் என்பார்கள். வெடிப்பு நிறைந்த எங்கள் கல்லில் அதுவும் அதிகமில்லை.

வீட்டைப் பார்க்க உங்களுக்குத் தெரிந்த ஒரு மேசனுக்கு ஒருநாட் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். தரகர் கொண்டுவரும் மேசன் வேண்டாம். பூச்சில் தலைமயிர் போல ஓடும் வெடிப்புக்குப் பயப்படத் தேவையில்லை. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஏறும் வெடிப்பும், விரல் நுனி நுழையும் வெடிப்பும் வேறு கதை. ஓரிடத்தில் மட்டும் புதிதாக நிறம் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சுவரின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கழுவாத கடல்மணல் கலந்திருக்கலாம். அப்படியானால் உள்ளேயிருக்கும் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். மாபிளை ஒரு நாணயத்தால் தட்டினால் வெற்றிடம் இருக்குமிடத்தில் சத்தம் மாறும். எல்லாப் பைப்புகளையும் ஒன்றாகத் திறந்துவிடுங்கள். றிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அமத்துங்கள், விழவேண்டும். இவ்வளவுக்கும் ஒரு மணித்தியாலம் போதும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு விடாத தரகரிடம் வீடு வாங்காதீர்கள்.

இனி உறுதி. 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது சட்டி பானையை விட்டுவிட்டு உறுதிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் நாங்கள். அந்தப் பையின் அருமை தெரிந்தவர்கள், வாங்கும்போது மட்டும் “எல்லாம் சரியா இருக்கு” என்ற வார்த்தையை ஏன் நம்புகிறோமோ தெரியவில்லை. உங்கள் நொத்தாரிசு வேறு, விற்பவரின் நொத்தாரிசு வேறாக இருக்கட்டும். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்காவது தேடிப்பார்க்கச் சொல்லுங்கள். ஈடு இருக்கிறதா, வழக்குப் பதிவாகியிருக்கிறதா, ஒரே காணி இரண்டு தரம் எழுதப்பட்டிருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒழுங்கை யாருடையது? முன் துண்டுக்காரரின் காணிக்குள்ளால் போகிறதென்றால் வழி வாய்க்கால் உரித்து உங்கள் உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கிணறு பங்குக் கிணறென்றால் அந்தப் பங்கும் எழுதப்பட வேண்டும். பிரதேச சபையின் கட்டட அனுமதியும், அனுமதித்தபடியே கட்டியிருக்கிறார்கள் என்று சபை கொடுக்கும் சான்றிதழும் இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம்.

விற்பவர் வெளிநாட்டில் என்றால் அற்றோணித் தத்துவத்துடன் ஒருவர் கையெழுத்திட வருவார். தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அதுவும் முடிந்துவிடும். உரிமையாளருடன் நேரடியாக, முகம் தெரியும்படி தொலைபேசியில் பேசாமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கூட்டுப் பங்காளரும் உரித்தாளரும் முதலில் வாங்கும் உரிமை உடையவர்கள். அவர்களுக்கு அறிவித்தல் போனதா என்று கேளுங்கள்.

“பத்து வருடத்துக்கு மேல் நான்தான் ஆண்டு வருகிறேன்” என்று ஒருவர் தானே எழுதிக்கொண்ட உறுதியில் வரும் காணியை விட்டு விலகுங்கள். 1983 மே 1இலிருந்து 2009 மே 18 வரை யுத்தத்தால் தம் காணிக்கு வரமுடியாதிருந்தவர்கள், அந்த வருடங்களைக் கணக்கில் சேர்க்காமல் வழக்காடுவதற்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கால எல்லையுடன் வழி செய்தது. சட்டத்தை விடுங்கள். அது உங்களைப் போலவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருத்தியின் காணியாக இருக்கலாம்.

வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். வவுனியாவைச் சுற்றியும் கிளிநொச்சியிலும் நல்ல வீடுகள் அனுமதிப்பத்திரக் காணிகளில் நிற்கின்றன. அந்தக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்க முடியாது. நூறு ரூபா முத்திரையில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது காணி விற்பனை ஆகாது. 1840ஆம் ஆண்டிலிருந்தே காணி கைமாற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதிய உறுதி வேண்டும் என்பது சட்டம்.

அயலைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. பகலில் பார்த்த ஒழுங்கைக்கு இரவு ஏழு மணிக்கு மகளோடு நடந்து போங்கள். பஸ் தரிப்பிடத்திலிருந்து வாசல் வரை வெளிச்சம் உண்டா, மதகில் யார் இருக்கிறார்கள், அம்புலன்ஸ் உள்ளே திரும்புமா? புதுப் பகுதிகளில் நான் கண்ட பெரிய குறை வேறு. அழகான வீடுகள், ஆளுயர மதில்கள், ஆனால் உள்ளே ஆளில்லை. உரிமையாளர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து மூன்று கிழமை நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கள்ளன் வந்தால் கூப்பிட எவருமில்லை. “புருசன் எங்க பிள்ளை?” என்று வேலிக்கு மேலால் கேட்கும் அயல் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓட்டோ பிடித்து வருபவரும் அவரே. ஆணில்லாத வீட்டுக்கு நான் அந்த அயலைத்தான் தெரிவு செய்வேன்.

கணவர் காணாமற்போன சகோதரிகள் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் காசில் வாங்கும் வீட்டை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். “பிறகு மாத்தலாம், இப்ப தம்பியின்ர பேரில இருக்கட்டும்” என்பதை ஏற்கவேண்டாம். தேசவழமைக்கு உட்பட்டவர் பிற்காலத்தில் விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் சம்மதம் கேட்கப்படும்; அவர் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்தில் அதற்கான கட்டளை பெறலாம். ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழை 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் கீழ் பெறமுடியும். அதைப் பெறுவது அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாகாது. பலர் அந்தப் பயத்தில்தான் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள்.

முத்திரைத் தீர்வையையும் காசுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும் வரும். நொத்தாரிசு கட்டணம் வேறு. வீட்டின் விலையை மட்டும் சேர்த்து வைத்துவிட்டு, உறுதி எழுதுகிற நாளில் கைமாற்றுக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

சகோதரி 2025இல் வேறோரிடத்தில் வீடு வாங்கினார். மாபிள் இல்லை, சீமெந்து நிலம். வெளிச்சுவர் இன்னும் பூசப்படவில்லை. ஆனால் நான்கு படி ஏறித்தான் உள்ளே போகவேண்டும். அந்த வருடம் கார்த்திகையில் டித்வா மழை கொட்டிய இரவு தொலைபேசி எடுத்தார். “அக்கா, தண்ணி ரெண்டாம் படியில நிக்குது. மகள் படிச்சுக்கொண்டிருக்கிறாள்” என்றார்.

முற்பணம் கொடுக்கும்போது எழுதவேண்டிய உடன்படிக்கை பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.