ரொட்டி மாவும் வீட்டுத் திருகையும்

சிங்காரப்பேட்டை முதல் ஓசூர் வரையிலுள்ள பிரதேசம் கேழ்வரகுச் சீமை. நெடுங்காலமாகக் களிக்குப் பேர் போனது. இப்போது, மாவைப் புளிக்கவைத்து வீட்டிலேயே ரொட்டி சுடும் ஆசை இங்குள்ள குடும்பங்களையும் எட்டியிருக்கிறது. அதற்கு மாவரைக்க எந்த யந்திரம் வாங்கலாம்?

கடை மாவு போதாதா என்பீர்கள். கோதுமையின் முளையில் எண்ணெய் இருக்கிறது. தவிட்டோடு முழுதும் அரைத்த மாவு நாட்பட்டால் அந்த எண்ணெய் காறிப்போகும். பெரிய ஆலைகள் முளையையும் தவிட்டையும் நீக்கி வெள்ளை மாவு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். கேழ்வரகோ எளிதில் தோல் பிரியாத தானியம், முழுதாகவே அரைபடுகிறது. அதன் 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல்.

1934-ல் காந்தியடிகள் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தோற்றுவித்தார். தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா அதன் காரியதரிசியானார். கைக்குத்தல் அரிசியும் திருகை மாவும் அச்சங்கத்தின் பிரசாரத்தில் முக்கிய இடம் பெற்றன. கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் திருகையைச் சுற்றியது யார் கை? விடியுமுன் எழுந்த மருமகளின் கை. ஐந்து பேருக்கு ரொட்டி மாவைக் கையால் அரைக்கும்படி அவளுக்கு உபதேசிக்க நமக்கு மனம் வரவில்லை. வீட்டு ஆண்பிள்ளைகள் முறை வைத்துச் சுற்றுவார்களானால் திருகையே வாங்கலாம். இல்லையேல் மின்சார யந்திரமே நியாயம்.

அதில் இரண்டு வகை. ஒன்றில் எஃகுப் பற்கள் தானியத்தை அடித்து நொறுக்கிச் சல்லடை வழியே தள்ளும். மற்றொன்றில் இரு கற்கள் அரைக்கும். நாம் கல்லையே சொல்வோம். கோதுமைக்கு வைத்த இடைவெளியில் கடுகளவான கேழ்வரகு சரியாக அரைபடாது. கல்லை நெருக்கிக்கொள்ள வசதி வேண்டும். ரொட்டிக்கு மாவு நைஸாகவும் இருக்க வேண்டும். தவிட்டின் பெரிய துணுக்குகள் பிசைந்த மாவின் இழையை அறுத்துவிடும், ரொட்டி உப்பாது. கேழ்வரகில் அந்த இழையே கிடையாது. கோதுமையுடன் கால் பங்குக்கு மேல் சேர்த்தால் செங்கல்தான் சாப்பிட வேண்டும்!

விலை பேசுமுன் ஒரு படி கேழ்வரகு கொண்டுபோய் அரைத்துப் பாருங்கள். விழும் மாவு கை பொறுக்காத சூடாயிருந்தால் அந்த யந்திரம் வேண்டாம். தேய்ந்த கல்லுக்கு மாற்றுக் கல் கிருஷ்ணகிரியிலாவது ஓசூரிலாவது கிடைக்குமா என்று விசாரியுங்கள். எள், வேர்க்கடலை, ஈரம் உலராத தானியம் இவற்றைக் கல்லில் போடலாகாது, கல் வழுவழுத்துவிடும். புதுக் கல்லில் முதலில் அரைபடும் இரண்டு பிடி மாவில் கற்பொடி கலந்திருக்கும், அதைக் கொட்டிவிடுங்கள்.