சைக்கிள் தள்ளிய படை

34 பேர். கையில் பழைய துப்பாக்கிகள். 1944 டிசம்பர் 22-ல் வடக்கு வியட்நாம் மலைக்காட்டில் ஒரு படை தொடங்கியது. தலைவர் வோ நுயென் கியாப். ராணுவப் பள்ளி வாசலை மிதிக்காதவர். ஹனோயில் வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியார். அவருடைய மனைவி பிரெஞ்சுச் சிறையில் அடைபட்டு இறந்துபோனவர்.

பத்தே ஆண்டுகளில் அந்தப் படை, தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சு ராணுவத்தைச் சரணடைய வைத்தது. எப்படி?

முதலில் ஆயுதம். தொடங்கிய சில நாட்களிலேயே இரண்டு சிறு காவல் நிலைகளைத் தாக்கி, அங்கிருந்த துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டார்கள். 1949-ல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் எல்லை வழியே பீரங்கி, லாரி, பயிற்சி எல்லாம் கிடைத்தன.

அடுத்து ஆள். ஊர்ப்படை, வட்டாரப் படை, முழுநேர ராணுவம் என்று மூன்று அடுக்கு. கீழே தேறியவர்கள் மேலே போனார்கள். அதனால் எவ்வளவு அடிபட்டாலும் இடத்தை நிரப்ப ஆள் இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சவால், சோறு. மலைக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு அரிசி போய்ச் சேர வேண்டும். சாலையில் விமானங்கள் குண்டு போட்டன. கைகொடுத்தது சைக்கிள். ஹேண்டில்பாரில் ஒரு மூங்கில் கழி, சீட்டுக்குப் பின்னால் இன்னொன்று. ஏறி ஓட்டுவதில்லை, தள்ளிக்கொண்டே போவார்கள். ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல்கூட ஏற்றினார்கள். சுமந்தவர்கள் விவசாயிகள், அவர்களில் பெண்களும் ஏராளம். பெரும்பாலும் இரவுப் பயணம்.

1954 ஜனவரியில் தாக்குதலுக்கு எல்லாம் தயார். கியாப் கடைசி நேரத்தில் தள்ளிவைத்தார். அவசரப்பட்டால் படையே அழிந்துவிடும் என்பது அவர் கணக்கு. கயிறு கட்டிக் கையால் மலையேற்றிய பீரங்கிகளை, வீரர்கள் மறுபடி கையாலேயே இறக்கினார்கள். பிறகு மலைச்சரிவைக் குடைந்து, அவற்றைப் பதுக்கி வைத்தார்கள்.

மார்ச் 13-ல் அவை முழங்கின. எதிரியின் பீரங்கிகளை அடக்கிவிடலாம் என்று நம்பியிருந்த பிரெஞ்சு பீரங்கித் தளபதி பிரோத், சில நாட்களில் தற்கொலை செய்துகொண்டார். மே 7-ல் முகாம் விழுந்தது. மொத்தம் 56 நாட்கள்.

விலை சின்னதல்ல. வியட்நாமியர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பிடிபட்ட பிரெஞ்சுத் தரப்பு வீரர்களில் பலர், நெடுநடையிலும் கைதி முகாம்களிலும் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். ஜூலையில் ஜெனீவாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அதே ஒப்பந்தம் நாட்டை இரண்டாகப் பிரித்தது. சைக்கிள் தள்ளியவர்களின் பிள்ளைகளுக்கு, இன்னும் பெரிய ஒரு போர் காத்திருந்தது.